அறுபத்தோராவது பிள்ளை

ஜூன் 2, திங்கள்

சே. ம. சூ.

சேசு, மரி, சூசை. எதை எழுத உட்கார்ந்தாலும் தாளின் உச்சியில் இந்த மூன்று பெயரையும் போட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு எழுத வேண்டும் என்பது செல்வராணி அக்காவின் சட்டம். மளிகைச் சீட்டில்கூடப் போடுவாள். இது என்ன சாமான் என்று கடைக்காரர் ஒருமுறை கேட்டே விட்டார். அக்கா போய் இரண்டு வருஷம் ஆகிறது. என் கை மட்டும் பழக்கத்தை விடமாட்டேன் என்கிறது.

பள்ளி திறந்தது. பெயர்ப்பட்டியலில் அறுபத்தொன்று! மே மாதம் முழுக்க, கொளுத்துகிற வெயிலில், ஓட்டேரிச் சந்துகளில் வீடு வீடாக ஏறி இறங்கி, "எங்க ஸ்கூலுக்கு அனுப்புங்கம்மா, சிஸ்டருங்க நடத்துறது, நல்லா பாத்துப்போம்" என்று தொண்டை கிழியக் கெஞ்சியவள் நான். ஃபெலிசியா டீச்சர் இரண்டு நாள் கூட வந்தார். மூன்றாம் நாள் தலைவலி. சரி, போகட்டும், குழந்தை குட்டிக்காரி.

இந்த அறுபத்தொன்றுக்காக ஏன் இப்படிச் சாகிறாய் என்று அக்கா இருந்தால் கேட்டிருப்பாள். கேள் அக்கா. புனித மோனிக்கா தொடக்கப் பள்ளி அரசு உதவி பெறும் பள்ளி. ஆகஸ்ட் முதல் தேதி தலைகளை எண்ணுவார்கள். அறுபத்தொன்று இருந்தால், தலைமையாசிரியை ஜெரால்டின் சிஸ்டரோடு சேர்த்து மூன்று பேருக்கு வேலை. அறுபது என்றால் இரண்டே பேர். மூன்றாவது ஆளுக்கு 'உபரி' என்று பெயர். உபரியை மறைமாவட்டத்தில் எந்த மூலையில் இடம் காலியோ அங்கே தூக்கிப் போடுவார்கள். நான் இங்கே வந்து பத்தொன்பது வருஷம். ஃபெலிசியா வந்து பத்து வருஷம். ஆனால் என் நியமனத்துக்கு அரசாங்க முத்திரை விழுந்தது ஏழு வருஷத்துக்கு முன்னால்தான். ஆகவே காகிதத்தின்படி நான்தான் கடைக்குட்டி. ஐம்பத்து மூன்று வயதுக் கடைக்குட்டி.

அறுபத்தொன்று. ஒன்றும் குறையாது.

ஜூன் 4, புதன்

சே. ம. சூ.

ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில், இருபத்தைந்து பேர், எல்லாம் என் தலையில். புதுப் பிள்ளைகளுக்கு இன்று நம் வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேன். காலையில் பெயர் கூப்பிடுவேன். வந்தவர்கள் "உள்ளேன் டீச்சர்" சொல்ல வேண்டும். வராத பிள்ளை இருந்தால் எல்லாரும் எழுந்து நின்று அந்தப் பிள்ளைக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்ல வேண்டும். இரண்டு பேர் வராவிட்டால் இரண்டு. இது நான் இந்தப் பள்ளிக்கு வந்த வருஷம் ஆரம்பித்தது. வராத பிள்ளையை யாரும் தேடாமல் விடக் கூடாது என்பதற்காக.

நஸ்ரின் எழுந்து, "டீச்சர், நான் எங்களுது சொல்லிக்கட்டா?" என்றாள். தாராளமாகச் சொல்லு என்றேன். அவள் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். பக்கத்தில் தர்ஷிணி, கழுத்தை நீட்டி, அவள் என்ன சொல்கிறாள் என்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ். தர்ஷிணி பெரிய வாயாடி. இடைவேளையில் நான் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொள்கிற மாதிரி நடித்துக் காட்டுகிறாளாம். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

ஜூன் 8, ஞாயிறு

சே. ம. சூ.

தூய ஆவி பெருவிழா. பூசைக்குப் போனேன். சமாதானம் சொல்லும் நேரத்தில் பக்கத்து அம்மாள் என்னைப் பார்த்துக் கைகூப்பி, "சமாதானம்" என்றார். சனிக்கிழமை மதியத்திலிருந்து இப்போது வரைக்கும் என்னிடம் ஒருவர் பேசிய ஒரே வார்த்தை அதுதான். நானும் சொன்னேன். ரசம் இரண்டு பேருக்கு வைத்துவிட்டேன், பழக்க தோஷம்.

அமலி என்று கூப்பிட இப்போது ஆளில்லை. அமலோற்பவம் என்று கூப்பிடவும் ஆளில்லை. சிஸ்டருக்கு டீச்சர், ஃபாதருக்கு டீச்சர், ரேஷன் கடைக்கும் டீச்சர். மரியாதைதான். குறை சொல்லவில்லை.

ஜூன் 16, திங்கள்

சே. ம. சூ.

கால்வாய் ஓரத்துக் குடிசைகளைச் சனி, ஞாயிறில் எடுத்துவிட்டார்கள். அங்கிருந்தவர்களுக்குப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் வீடு ஒதுக்கியிருக்கிறதாம். காலையில் தர்ஷிணி பெயரைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. "அவங்க வூட்ட பிரிச்சுட்டாங்க டீச்சர். ஆட்டோல ஏத்திக்கினு போய்ட்டாங்க" என்றாள் நஸ்ரின். எழுந்து நின்று சொன்னோம், ஒரு அருள் நிறைந்த மரியே.

சிஸ்டர் எட்டு நாள் தியானத்துக்குப் போயிருக்கிறார். பள்ளிச் சாவி என்னிடம்.

ஜூன் 19, வியாழன்

எல்லாரும் போன பிறகு, நாலரை மணி இருக்கும், கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தேன். தர்ஷிணியின் அம்மா குமுதா ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"டீச்சர், டீச்சர், பூட்டாதீங்க! பாப்பாவுக்கு டி.சி. வேணும். அங்கயே வீட்டாண்ட ஒரு ஸ்கூல் கீது. சேத்துக்கறேன்னு சொல்றாங்கோ. ஆனா நீங்க இங்க கம்ப்யூட்டர்ல விட்டாத்தான் அவங்களால அங்க ஏத்த முடியுமாம்."

"சிஸ்டர் இல்லம்மா. தியானத்துக்குப் போயிருக்காங்க. அடுத்த வாரம் வா."

"ரெண்டு பஸ் மாறி வரேன் டீச்சர். வேலைக்கு லீவு போட்டுட்டு."

"நான் என்ன பண்றது, கையெழுத்து அவங்கதானே போடணும்?"

இது உண்மைதான். சிஸ்டர் கையெழுத்து இல்லாமல் டி.சி. கொடுக்க முடியாது. கணினியில் விடுவிப்பதை நான் செய்யலாம், அது வேறு விஷயம். விதிமுறை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

தண்ணீர் வேண்டும் என்று கேட்டாள். கொடுத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

தர்ஷிணி பெயரைக் கூப்பிடாமல் அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். பிறகு பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராகவும் கோடு இழுத்தேன். வந்ததாக. அடுத்த வாரம் டி.சி. வாங்கிக்கொண்டு போகப்போகிற பிள்ளை, நாலு நாளைக்கு எதற்கு ஆப்சென்ட்?

"டீச்சர், தர்ஷிணி பேரு விட்டுட்டீங்க."

"கூப்பிட்டேன். உனக்குத்தான் காதுல விழல. உட்காரு."

நஸ்ரின் உட்கார்ந்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

பூசை. துணி துவைத்தேன். அக்காவின் கட்டிலுக்கும் விரிப்பு மாற்றினேன்.

ஜூன் 26, வியாழன்

குமுதா மறுபடியும் வந்தாள். நல்லவேளை, நான்தான் கேட்டருகே நின்றிருந்தேன். "சர்வர் வேலை செய்யல, ஒரு வாரம் ஆகும்" என்றேன். சர்வர் பல நாள் வேலை செய்வதில்லைதானே? அதைத்தான் சொன்னேன். சிஸ்டர் தியானம் முடித்து வந்து, பத்தடி தள்ளி, தன் அறையில் உட்கார்ந்திருந்தார். குமுதா எட்டிப் பார்த்தாள். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன் என்று சொல்ல முடியாது. நின்றிருந்த இடம் அப்படி.

"புள்ள வூட்லயே குந்திக்கினு கீது டீச்சர். நான் வேலைக்குப் போனா தனியாதான் இருக்குது. பூட்டிட்டுத்தான் போவேன், இப்ப பக்கத்து வூட்டாண்ட சாவி குடுத்துட்டுப் போறேன். இன்னா பண்றது?"

"சீக்கிரம் ஆயிடும்" என்றேன்.

சாயங்காலம் சிஸ்டர் டீ போட்டுக் கூப்பிட்டார். நாலு வருஷமாக அவருடைய சிஸ்டர்கள் ஒவ்வொருவராக மாற்றலாகிப் போய், மடத்தில் அவர் ஒண்டிக்கட்டை. பள்ளி விட்டதும் நாங்கள் இரண்டு பேரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு டம்ளர் டீயும் இரண்டு பிஸ்கெட்டும். "இந்த வருஷம் அறுபத்தொண்ணு உங்க புண்ணியம் டீச்சர்" என்றார். பிஸ்கெட் டீக்குள் விழுந்துவிட்டது. ஸ்பூனால் எடுத்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

பெயர் கூப்பிட்டு முடித்ததும் நஸ்ரின் தானாக எழுந்து நின்றாள். இரண்டு கையையும் விரித்தாள். யாரும் அவளை எழச் சொல்லவில்லை. முடித்துவிட்டு உட்கார்ந்து சிலேட்டை எடுத்தாள். என்னைப் பார்க்கவும் இல்லை.

ஏன் எழுந்தாய் என்று கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். வாய்ப்பாடு எழுதச் சொன்னேன்.

ஜூலை 3, வியாழன்

நாளை தலைவெள்ளி, மாதத்தின் முதல் வெள்ளி. பங்குக் கோயிலில் பாவசங்கீர்த்தனம், சாமியார் காதில் பாவத்தைச் சொல்கிற நேரம். வரிசையில் நின்றேன், எனக்கு முன்னால் ஆறு பேர். சவரிநாதன் ஃபாதர்தான் கேட்கிறார். பங்கு சாமியாரும் அவர்தான், எங்கள் பள்ளியின் தாளாளரும் அவர்தான். காலையில் பள்ளிக் கோப்பில் கையெழுத்துப் போடுகிற அதே மனிதரின் காதில் நான் என்னத்தைச் சொல்வது? வாயைத் திறந்து ஒரு வார்த்தை வெளியே சொல்ல அவருக்கு உரிமையில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் நாளைக்கு என்னைப் பார்த்து 'வணக்கம் டீச்சர்' என்பாரே, அதை நான் தாங்க வேண்டாமா?

இதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பது வேறு. ஒரு டி.சி. தாமதம், அவ்வளவுதானே.

மூன்று பேர் இருக்கும்போது, அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பால் வைத்திருக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

பூசையில் நன்மை, பீடத்தில் சாமியார் தருகிற அப்பம், வாங்கப் போகவில்லை; பாவசங்கீர்த்தனம் முடிக்காமல் வாங்குகிற வழக்கம் எனக்கில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். என் முழங்காலைத் தாண்டித் தாண்டி எல்லாரும் போனார்கள், வந்தார்கள்.

வெளியே வந்ததும் ஃபெலிசியா பிடித்துக்கொண்டார். "என்ன டீச்சர், நன்மை வாங்கலியா?"

"இட்லி சாப்பிட்டுட்டேன், ஒரு மணி நேரம் ஆகல."

"ஐயய்யோ, நீங்களா? பூசைக்கு முன்னாடி பச்சைத் தண்ணி குடிக்க மாட்டீங்களே!"

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. ஊரே பார்த்திருக்கும். பார்க்கட்டும்.

ஜூலை 10, வியாழன்

குமுதா நம்பரிலிருந்து மூன்று முறை ஃபோன். வகுப்பு நேரத்தில் ஃபோன் எடுப்பது நம் வழக்கமில்லை. நாலாவது முறை சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தது. அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், கையெல்லாம் ஈரம்.

ஜூலை 13, ஞாயிறு

பூசை. கடைசி பெஞ்சு. பக்கத்தில் யாரும் இல்லை, ஆகவே சமாதானமும் இல்லை.

ஊத்துக்கோட்டைக்கு அப்பால் ஆந்திர எல்லையோரம் ஒரு பள்ளியில் இடம் காலி என்று ஃபெலிசியா சொன்னார். அங்கே பூசையே மாதம் ஒரு தடவைதானாம். அங்கே எனக்கு யாரைத் தெரியும்? ஐம்பத்து மூன்று வயதில் ஒரு புது ஊரில், புது அறையில், புதுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா? இங்கே குறைந்தபட்சம் பழைய சுவர்.

ஆகஸ்ட் ஒன்று தாண்டட்டும். இரண்டாம் தேதி காலையில் முதல் வேலையாக டி.சி. கொடுத்துவிடுவேன். இருபது நாள். ஒரு பிள்ளை இருபது நாள் வீட்டில் இருந்தால் உலகம் முழுகிப்போகாது.

ஜூலை 24, வியாழன்

வட்டாரக் கல்வி அலுவலர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். எண்ணிக்கை சரியா என்று முன்னோட்டம் பார்க்கிறார்களாம். என் அறைக்குள் வந்து விரலை நீட்டி நீட்டி எண்ணினார். இருபத்து நாலு.

"இருபத்தஞ்சுன்னு இருக்கே டீச்சர். ஒண்ணு குறையுது?"

"தர்ஷிணி சார். ஜுரம். இன்னைக்கு வரல."

பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். வாசலில் ஜீப் நின்றபோதே நான் அவள் பெயருக்கு நேரே ஆப்சென்ட் போட்டுவிட்டிருந்தேன். ஐந்து வாரத்தில் அந்தப் பெயருக்கு நேராக நான் எழுதிய முதல் உண்மை அதுதான்.

அவர் பிள்ளைகளைப் பார்த்து, "அப்படியா? ஜுரமா அவளுக்கு?" என்றார், சும்மா பேச்சுக்கு. என் கண் நஸ்ரின் மேலேயே இருந்தது. அவள் மெதுவாக எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள்.

"ஆமா சார். டீச்சர் சொன்னாங்க" என்றாள்.

அவர் போன பிறகு அரை மணி நேரம் நான் வாய்ப்பாடு எழுதச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். தப்பித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமலே மூடி வைத்தேன். எண்ணெய் சரியில்லை போலிருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

காலையில் நான் வகுப்புக்குள் போகும்போதே பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன இது? உட்காருங்க."

"தர்ஷிணிக்கு ஜுரம்ல டீச்சர். அதுக்கு" என்றார்கள்.

இருபத்து நாலு பேரும் சொன்னார்கள், ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் உட்பட, பாதி வார்த்தையை விழுங்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு. நானும் நின்றேன். என் வாய் திறக்கவில்லை.

இடைவேளையில் நஸ்ரின் வந்து என் மேஜையில் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்தாள். பிரித்தால் கறுப்புக் கயிறு.

"அம்மா தர்காவுல ஓதி வாங்கினாங்க டீச்சர். தர்ஷிணிக்குக் கட்டிவுடச் சொல்லுங்க. ஜுரம் எறங்கிடும். ரொம்ப நாளா வரல்ல டீச்சர், பெரிய ஜுரம்தானே?"

"ஆமா" என்றேன்.

"அவ வரலன்னு எனக்கு முன்னாடியே தெரியும் டீச்சர். நீங்க பேரு கூப்பிடாதப்பவே. நீங்க அழுவீங்கன்னுதான் கூப்பிடலன்னு அம்மா சொல்லிச்சு."

நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஏழு வயதுப் பிள்ளை எனக்காக ஒரு நல்ல காரணத்தை வீட்டிலிருந்து கேட்டு வைத்திருக்கிறது. இங்கே நானோ!

சாயங்காலம் இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். மேலே சே.ம.சூ. போட்டு எத்தனை நாளாகிறது? ஜூன் 16 கடைசி. நான் யோசித்து விட்டதில்லை அக்கா, சத்தியமாக. கை தானாக நிறுத்தியிருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

பஸ் ஏறி, என்னை யாருக்கும் தெரியாத ஒரு கோயிலுக்குப் போனேன். எந்தக் கோயில் என்று எழுதமாட்டேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் மரத் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வயசு சாமியார், குரலில் தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தில் நான் கடைக்குட்டி என்பது, மே மாத வெயில், ஃபெலிசியாவின் தலைவலி எல்லாவற்றையும் சேர்த்து. அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பிள்ளை இப்ப எங்கம்மா படிக்குது?"

"எங்கயும் இல்ல சாமி."

"எத்தனை நாளா?"

"ஆறு வாரம்."

பிறகு, "நீங்க அந்த டி.சி.யைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளை கையில கொடுங்க. நீங்களே. தபால்ல வேண்டாம். அதுதான் உங்களுக்கு அபராதம்" என்றார்.

எனக்குக் கோபமாக வந்தது. ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையை உருட்டச் சொல்லியிருந்தால் பஸ்ஸிலேயே முடித்திருப்பேன். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 28, திங்கள்

டீ நேரத்தில் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். டீ ஆறி ஆடை கட்டியது.

"ஆறு வாரமா கையெழுத்து நான் போட்டிருக்கேன், அந்தப் பதிவேட்டுல."

"ஆமா சிஸ்டர். உங்களையும் சேத்து ஏமாத்தினேன்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னைக்குத் திங்கள். வெள்ளிக்கிழமை எண்ணிட்டுப் போயிடுவாங்க. சனிக்கிழமை கொடுத்தா யாருக்கும் தெரியாது. இவ்வளவு நாள் ஆச்சு, இன்னும் நாலு நாள்..." என்றார்.

அக்கா, அதைத்தானே நானும் ஆறு வாரமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்! அவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிந்தது.

"நாலு நாளும் அந்தப் பிள்ளை பூட்டின வீட்டுலதானே சிஸ்டர் இருக்கும்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ போயிட்டா நான் யார்கூட டீ குடிப்பேன் அமலோற்பவம்?" என்றார்.

என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. இருவரும் எழுந்து ஆபீஸ் அறைக்குப் போனோம். சர்வர் ஒரு நொடிகூடத் தகராறு செய்யவில்லை. தர்ஷிணி பெயரைத் தேடி, விடுவி என்ற இடத்தை நானே அழுத்தினேன். டி.சி.யில் சிஸ்டர் கையெழுத்துப் போட்டார். குமுதாவுக்கு ஃபோன் செய்து, கணினியில் விட்டாயிற்று, நாளைக்கே சேர்த்துவிடு, டி.சி.யை நானே சனிக்கிழமை கொண்டுவருகிறேன் என்றேன். "எதுக்கு டீச்சர் உங்களுக்கு அவ்ளோ தொந்தரவு?" என்கிறாள். அதைக் கேட்டு எனக்கு எப்படி இருந்திருக்கும்!

அறுபது.

ஜூலை 29, செவ்வாய்

சவரிநாதன் ஃபாதரிடமும் நானே போய்ச் சொன்னேன், ஆபீசில், பகலில், நாற்காலியில் உட்கார்ந்து. பாவசங்கீர்த்தனமாக இல்லை. "விளக்கம் எழுதிக் கொடுத்துடுங்க டீச்சர்" என்றார். எழுதிக் கொடுத்தேன். பதிவேட்டில் பொய்க் கோடுகளைச் சிவப்பு மையில் அடித்துக் கையெழுத்திட்டேன், இருபத்து மூன்று இடங்களில்.

குமுதா ஃபோன். அந்தப் பள்ளியில் திங்கட்கிழமை அழைத்து வரச் சொல்லிவிட்டார்களாம்.

வகுப்பில் பிள்ளைகளுக்கும் சொன்னேன். தர்ஷிணிக்கு ஜுரம் இல்லை, டீச்சர் பொய் சொன்னேன், அது தப்பு என்று. நஸ்ரின் ரொம்ப நேரம் யோசித்தாள். "அப்ப கயிறு?" என்றாள். அதையும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தலைவெள்ளி. எண்ணினார்கள். அறுபது. மாற்றல் ஆணை இந்த மாதத்துக்குள் வரும் என்றார் அலுவலர். ஃபெலிசியா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாவம், அவர் என்ன செய்வார். ஒரு பெரிய பெட்டி வாங்க வேண்டும். அக்காவின் கட்டிலை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

சே. ம. சூ.

பெரும்பாக்கம். இரண்டு பஸ், பிறகு நடை. குமுதா இந்த வழியாகத்தான் இரண்டு தடவை வந்து திரும்பிப் போயிருக்கிறாள். எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி, ஒரே நிறம். நாலு பேரைக் கேட்டுக் கண்டுபிடித்தேன். ஆறாவது மாடி. லிஃப்டில் தனியாக ஏற எனக்குப் பயம், படியிலேயே ஏறினேன். ஐந்தாவது மாடியில் மூச்சு வாங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேலே படித் திருப்பத்திலிருந்து குரல் கேட்டது.

"அபிநயா. வரல. எல்லாரும் எந்திரிங்க."

பிறகு ஒரு அருள் நிறைந்த மரியே, ரயில் வேகத்தில்.

"அந்தோணி ராஜ். வரல. எந்திரிங்க."

மறுபடியும்.

நான் இரண்டு படி ஏறி எட்டிப் பார்த்தேன். படித் திருப்பத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு தர்ஷிணி. எங்கள் பள்ளிச் சீருடை, பட்டன் மாற்றிப் போட்டது. எதிரே சுவரோரமாகக் காலிப் பாட்டில் மூடிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. கையில் ஒரு பழைய காலண்டர் அட்டை. இல்லாத மூக்குக்கண்ணாடியை விரலால் தள்ளிவிட்டுக்கொண்டு, என் குரலில், என் இழுப்போடு, பதிவேட்டு வரிசைப்படி, ஒரு பெயர்கூட மாறாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வரல. வரல. வரல. ஒவ்வொரு பெயருக்கும் எழுந்து நின்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜெபம். அங்கே யாருமே வரவில்லை. இருபத்து நாலு பேரும் ஆப்சென்ட். நான் வைத்த சட்டம் அது, அவள் ஒன்றைக்கூட விடவில்லை.

"தர்ஷிணி" என்று தன் பெயரையே கூப்பிட்டாள்.

டீச்சர் பக்கத்திலிருந்து மூடிகள் பக்கத்துக்கு ஒரு தாவு. "உள்ளேன் டீச்சர்!" மறுபடி இந்தப் பக்கம். அட்டையில் ஒரு கோடு.

நஸ்ரின் பெயர் வந்தபோது மட்டும் கையைக் கூப்பவில்லை. இரண்டு உள்ளங்கையையும் விரித்து ஏதோ முணுமுணுத்தாள். ஒட்டுக்கேட்டதில் எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவு.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. நான் அவளுக்கு 'வந்தாள்' என்று கோடு இழுத்த அத்தனை நாளும் அவள் இங்கே வந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். வராதவர்கள் நாங்கள்.

பட்டியல் முடிந்தது என்று நினைத்தேன். அவள் அட்டையைத் திருப்பி, கடைசியாக ஒரு பெயர் கூப்பிட்டாள்.

"அமலா டீச்சர்."

அமலோற்பவம் அவள் வாயில் அமலா ஆகியிருந்தது. காத்திருந்தாள். மற்றவர்களுக்குக் காத்திருந்ததைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

"அமலா டீச்சர்... வர—"

நான் பையிலிருந்த டி.சி.யையும் கயிற்றுப் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து நின்றேன்.

"உள்ளேன்" என்றேன். இன்னொரு முறை, வகுப்பில் பிள்ளைகள் சொல்வது போலச் சத்தமாகச் சொன்னேன்.